சிலுவைமுத்துவின் நடை

ஸ்டானிஸ்லாஸ் ஒரு இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தவர்கள் ராயபுரத்தில் ஒருவரும் இல்லை. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது அவன் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் அதிரும். டீக்கடையில் நின்றுகொண்டேதான் குடிப்பான். ரோசியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, போட்ட நாற்காலியில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்துவிட்டு எழுந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்ததில், மாப்பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு போல என்று பெண் வீட்டார் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். அதையும் நடந்துகொண்டே குடித்தான்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று தெருவில் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் அவன் சும்மா நடக்கவில்லை. அடுத்தவர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்தான். மனிதர்களின் முகம் அவனுக்கு மனதில் தங்காது. நேற்றுப் பேசியவரை இன்று தெரியாமல் முழிப்பான். அதே ஆள் திரும்பி இரண்டு அடி நடந்தால் போதும், “அட, நம்ம மார்க்கெட் சுயம்பு!” என்று கத்துவான். மூட்டை தூக்கிப் பழகியவர் வெறுங்கையோடு போகும்போதும் முதுகு எப்படிக் கொஞ்சம் வளைந்திருக்கும், செருப்புக் கடித்தவர் எந்த விரலைத் தூக்கி வைப்பார் என்றெல்லாம் அவன் சொல்லுவான். கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஒருமுறை கல்மண்டபம் பக்கம் ஒரு தொந்திக் கான்ஸ்டபிள் பின்னாலேயே அவரைப் போலவே நடந்து போய் மாட்டிக்கொண்டான். ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

“இன்னாடா, போலீஸையே கேலி பண்றியா?”

“கேலி இல்ல சார். நடை படிச்சிகினு இருந்தேன்.”

“படிச்சியா? நடந்து காட்டு பாக்கலாம்.”

நடந்து காட்டினான். பெஞ்சில் இருந்த மற்ற கான்ஸ்டபிள்கள் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்கள். தொந்திக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் தன் பெண்சாதியிடம் அப்படியா நடக்கிறேன் என்று கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு பிழைப்பு உண்டென்று அவனுக்குத் தெரியவந்தது கோடம்பாக்கத்தில். சினிமா பேனர் வரையும் கடையில் இருந்தவனை ஒரு விளம்பரப் படக் கம்பெனி கூட்டிப் போனது. பல்பொடிக்கும் சோப்புக்கும் பொம்மைப்படம் எடுக்கிற கம்பெனி. ஒருவன் ஒரு அடி எடுத்து வைப்பதைச் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு பல படங்களாக வரைவார்கள். ஒளி ஊடுருவும் தகட்டில் மை போட்டு வண்ணம் அடிப்பார்கள். கேமராவுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பிடிப்பார்கள். ஓட்டிப் பார்த்தால் பொம்மை நடக்கும். அதை முதன்முதலாகத் திரையில் பார்த்த அன்றைக்கு ஸ்டானிஸ்லாஸுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் கோடம்பாக்கத்திலிருந்து ராயபுரம் வரை நடந்தே வந்தான்.

அந்த வேலையும் நிலைக்கவில்லை. ஒரு பொம்மைக்கு வரைந்த நடையை அடுத்த பொம்மைக்கும் மாட்டிவிடுவது அந்தக் கம்பெனி வழக்கம். பல்லைக் கெடுக்கும் திருடனுக்கும், பல்பொடி கொண்டுவரும் ராஜாவுக்கும், சிரிக்கும் மருமகளுக்கும் ஒரே நடை. உடம்பும் தலையும்தான் மாறும்.

“ராஜாவும் திருடனும் எப்டி சார் ஒரே மாதிரி நடப்பாங்க?” என்று மேனேஜரிடம் போய்க் கேட்டான்.

“ரெண்டு பேருக்கும் ரெண்டு கால்தானேப்பா?”

“அடுத்த படத்துல கழுதை வருதே, அதுக்கு நாலு கீதே சார், இன்னா பண்ணுவீங்க?”

அன்றோடு கோடம்பாக்கம் முடிந்தது. நாக்கு நீளம் என்று இதற்குத்தான் சொல்வது. பிறகு துறைமுகத்தில், கப்பலின் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கும் பலகையில் நின்று பெயரும் எண்ணும் எழுதுகிற பெயின்டர் வேலை கிடைத்தது. தொங்குகிற பலகை அவனுக்குப் பிடித்திருந்தது. அது ஆடிக்கொண்டே இருக்கும்.

பொம்மைப்படத்தை அவன் விடவில்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் சமையல்காரன், தன் மனைவியின் கசங்கிய போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வண்ணப்படம் வரைந்து தரச் சொன்னான். முகம் என்றாலே திண்டாடுகிறவன், எப்படியோ கட்டம் போட்டு வரைந்து கொடுத்தான். சமையல்காரன் அழுதுவிட்டு, கையால் சாவி கொடுத்து ஓட்டும் பழைய பதினாறு மில்லிமீட்டர் கேமரா ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். மிச்சம் விழும் துண்டு ஃபிலிம்களைக் கோடம்பாக்கத்துப் பழைய சிநேகிதர்கள் எடுத்து வைத்தார்கள். கேமராவைக் கவிழ்த்து மாட்ட ஒரு மேஜை வேண்டும். வீட்டில் இருந்தது ரோசியின் தையல் மெஷின் ஒன்றுதான். அவள் வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குப் பாவாடையும் உள்பாடியும் தைத்துக்கொடுப்பவள். மெஷின் தலையை உள்ளே மடக்கிவிட்டால் மேலே பலகை. அதற்கு மேலே இரும்புக் குழாயில் கேமரா.

“வாரத்துல ஆறு நாளு என்து, ஞாயித்துக்கெயம உன்து. அத்தோட நிறுத்திக்க,” என்றாள் ரோசி.

ஞாயிறு அவனுக்கும் தோதுதான். மற்ற நாட்களில் திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஓடும். வீட்டு பல்பு மங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஃபிலிமில் படபடவென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓய்வெடுக்கும், வெளிச்சம் ஒரே சீராக நிற்கும். துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி வந்தால் மட்டும் வீடு அதிரும். அது போய்ச் சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

தகட்டுக்கு வழி காட்டியவர் அப்துல் வஹாப். வண்ணாரப்பேட்டைக்குப் பின்னால் அவருக்கு ஒரு கொட்டகை. ஆஸ்பத்திரிகள் கழித்துப்போடும் எக்ஸ்ரே படங்களை ஏலத்தில் எடுத்து, காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவுவார். அடியில் தங்கும் கறுப்புச் சேற்றில் வெள்ளி இருக்கும், அது அவர் வியாபாரம். கழுவிய தகடு லேசான நீலத்தில் கண்ணாடி போல இருக்கும்; சட்டைக் காலருக்குள் வைக்கும் பட்டைக்காக யாராவது வாங்கிப்போவார்கள். ஸ்டானிஸ்லாஸ் போய் நின்றபோது அவர் நம்பவே இல்லை.

“இதுல பொம்ம வரையப் போறியா தோஸ்து? இதெல்லாம் இருமிகினு இருந்தவன் நெஞ்சுப்பா!”

“கழுவிட்டா எல்லாம் தகடுதான் பாய்.”

அப்படித்தான் மீன் திருடும் காக்காவைப் பற்றி அவன் முதல் படம் எடுத்தான். திருவிழாவில் போட்டபோது பெரியவர்கள்கூட விசில் அடித்தார்கள். தும்மல் வந்த கிரேன் ஒன்று சரக்கைக் கொட்டுகிற படமும் எடுத்தான். பொம்மைக்காரன் என்று பெயர் வந்தது. அவன் சந்தோஷப்பட்டான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் படம் முடிந்த மறுநாளே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, காக்காவின் கழுத்து தப்பு, கிரேனுக்குக் கனம் போதவில்லை என்று புலம்பத் தொடங்கிவிடுவான். அவனோடு குடித்தனம் நடத்தியதற்கே ரோசிக்கு மோட்சம் உண்டு.

இனி அவன் அண்ணன் சிலுவைமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கட்டுமரம் கரையேற்றும்போது மரம் புரண்டு இடது முட்டியில் விழுந்ததில் அவனுக்குக் கால் இழுப்பு. அந்தக் காலோடுதான் கடலுக்குப் போனான். அந்தக் காலோடுதான் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். எண்ணூர் பக்கத்து நெட்டுக்குப்பத்து அடைக்கலமேரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினான். அறுபத்தாறாம் வருஷப் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. புயல் தண்ணீர் குடிசைக்குள் புகுந்ததில், கல்யாணத்தன்று எடுத்த ஒரே போட்டோவும் ஊறி உரிந்து வெள்ளைக் காகிதமாகிவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எல்லோரும் தங்கள் ஆட்களின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அடைக்கலமேரிக்குக் கல்லறை இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கடற்கரைக்குப் போய், மணலில் குழி பறித்து, காற்றுக்கு மறைவாக ஒரு மெழுகுவர்த்தி வைப்பாள். காற்று விடாது, அணைத்துவிடும். மறுபடி ஏற்றுவாள். ஒவ்வொரு வருஷமும் ஸ்டானிஸ்லாஸ் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்று தீப்பெட்டி உரசிக் கொடுப்பான்.

எழுபதாம் வருஷம், அப்படி நிற்கும்போது, அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன், யாராண்டயும் சொல்லாத. உங்க அண்ணன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு.”

ஸ்டானிஸ்லாஸுக்கும் அது எப்போதோ மறந்துவிட்டது. வெட்கத்தால் யாரிடமும் சொன்னதில்லை.

“கண்ண மூடினா மீச வருது, மூக்கு வருது. ஒண்ணா சேர மாட்டேங்குது. நடை மட்டும்தான் பாக்கி. வலைய தலமேல போட்டுகினு, கால இயுத்துகினு, மணல்ல ஏறி வருவாரே, அது மட்டும் அப்டியே கீது.”

“அத்த நான் படமா போடறேன் அண்ணி,” என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“வாணாம் தம்பி.”

“ஏன் அண்ணி?”

“நீ தப்பா போட்டன்னு வெச்சிக்க, அப்பால கண்ண மூடினா உன் பொம்மதான் வரும், அவரு வரமாட்டாரு. என்னாண்ட கீறது அது ஒண்ணுதான். அத்தயும் வாங்கிக்காத.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விட்டிருப்பார்கள். எனக்கே அவன்மேல் கோபம் வருகிறது. அந்த ஏழையிடம் மிச்சமிருந்த ஒன்றின்மேல் இவன் கை வைக்கலாமா? ஆனால் ஸ்டானிஸ்லாஸுக்கு ஆசை பிடித்துவிட்டது. அண்ணன் தனக்கும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறான் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

“தப்பா வராது. அவரு தோள்ல குந்திகினு போனவன் நானு.”

அடைக்கலமேரி அணைந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினாள். பிறகு சொன்னாள், “மொதல்ல ஊர் பாக்கட்டும். அவரோட கடலுக்குப் போனவங்க கீறாங்க. அவங்க சரின்னு சொன்னா நான் வந்து பாக்கறேன். தப்புன்னாங்கன்னா என் கண்ணுல காட்டவே காட்டாத. சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணிவிட்டு வந்தான்.

ஒரு மனிதன் கடலிலிருந்து நம்மைப் பார்த்து நடந்து வரவேண்டும். பொம்மைப்படத்தில் இதைவிடக் கஷ்டமானது கிடையாது. பக்கவாட்டில் நடப்பவனுக்குக் கால் மட்டும் மாறினால் போதும். எதிரே வருகிறவன் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் பெரிதாக வேண்டும், தோள் ஏறி இறங்க வேண்டும். நல்லவேளை, தலைமேல் வலை இருந்தது. அதன் நிழலில் முகம் இருண்டுவிடும். முகம் வரையத் தேவையில்லை.

மூர் மார்க்கெட்டில் பழைய சலூன் கண்ணாடி ஒன்றை வாங்கி, தலையில் சுமந்து வந்து சுவரில் சாய்த்தான். ரசம் போன புள்ளிகள் நிறைய இருந்தாலும் ஆள் முழுசாகத் தெரிந்தது. தலையில் ரோசியின் பழைய புடவையைக் குவித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துக் கண்ணாடியை நோக்கி நடப்பான். அதில் தெரிந்ததை அப்படியே வரைவான். திரும்ப நடப்பான். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து ரோசிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சிலுவைமுத்து போன பிறகு வாக்கப்பட்டு வந்தவள் அவள். அவனைக் கண்டதே இல்லை.

“செத்தவர நடக்க வெக்கறேன்னு நீ நொண்டியாயிடப் போறய்யா,” என்றாள்.

மெய்தான். கப்பல் பலகையிலும் அவன் கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

ஒரு மழைக்காலம் வந்து போயிற்று. வரைந்த காகிதக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு நொண்டி நடந்து வந்தான், சிலுவைமுத்து வரவில்லை. எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டான். கல்லறைத் திருநாளுக்கு நெட்டுக்குப்பம் போனபோது, அண்ணியும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திரும்ப ஆரம்பித்தான். சாப்பிடும்போது எழுந்து நடந்தான். பூசைக்கு நடுவில் எழுந்து வெளியே போய் நடந்தான். ஒருநாள் ஓய்ந்துபோய் ரோசியின் துணிமூட்டைமேல் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தபோதுதான் உடம்புக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் தோளில் உட்கார்ந்து போகையில், அது ஏறும், ஒரு மூச்சு நிற்கும், பிறகு இறங்கும். அந்த நிறுத்தம்! இழுக்கும் காலை எடுப்பதற்கு முன்னால் அண்ணன் ஒரு மூச்சு நிற்பான். அதைத்தான் இத்தனை நாள் விட்டிருந்தான்.

“ரோசீ!” என்று அவன் கத்திய கத்தலில் அவள் விரலில் ஊசி ஏறிவிட்டது.

அதன்பிறகு கை ஓடியது. வஹாபின் தகடுகளின் நீலம் கடலுக்கு இலவசமாக வாய்த்தது. சில தகடுகளில் விலா எலும்பு முழுசாகப் போகாமல் மங்கலாகத் தங்கியிருந்தது. வஹாப் வேறு தருகிறேன் என்றார்.

“இருக்கட்டும் பாய். அலையாட்டம் கீது,” என்றான்.

எழுபத்திரண்டில், தீபாவளிக்கு முன்னால், ஃபிலிம் கழுவி வந்தது. ஒரே பிரதி. கழுவுகிற இடத்திலேயே சின்னச் சுவரில் ஓட்டிப் பார்த்தான். பார்த்ததெல்லாம் வெளிச்சம் துடிக்கிறதா, உருவம் குலுங்குகிறதா என்றுதான். துடிக்கவில்லை, குலுங்கவில்லை. நிறுத்தம் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குக் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திருவிழாக்களில் படம் ஓட்டும் சுப்புராயன் தன் மெஷினோடு நெட்டுக்குப்பம் வர ஒத்துக்கொண்டார். திரைக்கு ரோசி வண்ணாரப்பேட்டையில் காடாத் துணி எடுத்து மூட்டித் தைத்துக் கொடுத்தாள். கல்லறைத் திருநாளன்று மாலை, மணலும் குப்பமும் சேரும் இடத்தில் இரண்டு கம்பம் நட்டுத் துணியைக் கட்டினார்கள். முகம் குப்பத்துக்கு, முதுகு கடலுக்கு. டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்தார்கள். சுப்புராயன் துணியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னாப்பா இது, கொசுவலையாட்டம் கீது? பாதி வெளிச்சம் அந்தாண்ட பூடும்.”

“அந்தாண்ட யாரு கீறாங்க? கடல்தானே?” என்றான் ஸ்டானிஸ்லாஸ். கம்பத்துக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டினான். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அடைக்கலமேரி மெழுகுவர்த்தியோடு அவனைக் கடந்து போனாள். நின்று, “சத்தியம் ஞாபகம் கீதுல்ல?” என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினான். அவள் கரைக்கு இறங்கிப் போனாள்.

இருட்டியதும் மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் காக்காவைப் போட்டார்கள், குப்பம் சிரித்தது. பிறகு நீலக் கடல். அலைக்குள் ஒரு புள்ளி. புள்ளி ஆளாகி, தலையில் வலையோடு, தண்ணீரை விட்டு மணலில் ஏறியது. சத்தம் அடங்கிவிட்டது. ஒரு கிழவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் மெஷின் பக்கத்தில் நின்று, திரையைப் பார்க்காமல் முப்பிடாதியையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் சிலுவைமுத்துவோடு ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போய் வந்த ஆள் அவர். அவர் சரி என்றால் சரி.

முப்பிடாதி எழுந்து நின்றார்.

“டேய் ஸ்டானி! எந்தக் கால்டா இது? சிலுவைக்கு எடது கால்தானே? இவன் சோத்தாங்கால இயுத்துகினு வரான்!”

“ஆமா, ஆமா. கால் மாறிப்போச்சு,” என்று நாலைந்து குரல் எழுந்தது.

ஸ்டானிஸ்லாஸ் திரையைப் பார்த்தான். வலது கால். தன் காலைப் பார்த்தான். இந்த இடது காலைத்தானே இரண்டு வருஷமாக இழுத்து இழுத்து நடந்தான்? கண்ணாடியை நோக்கி நடந்தான். உள்ளே இருந்தவன் எதிரே வந்தான். இவன் இடது காலை இழுத்தால் அவன் வலது காலை இழுத்துக்கொண்டு வந்தான். அவனைத்தான் வரைந்திருக்கிறான். சிலுவைமுத்துவையல்ல, கண்ணாடிக்குள் இருந்த ஆளை. ஊரார் நடையெல்லாம் படித்தவனுக்குக் கண்ணாடி இடம் வலத்தை மாற்றும் என்பது தோன்றவில்லை.

அடுத்த கணம் அண்ணியின் நினைவு வந்தது. சத்தம் கேட்டு அவள் குப்பத்துப் பக்கம் வந்துவிட்டால்? வந்து பார்த்துவிட்டால்? “நிறுத்து!” என்று சுப்புராயனிடம் கத்தியது கூட்டத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கம்பத்தைச் சுற்றிக் கடல் பக்கம் ஓடினான்.

அவள் வரத் தேவையிருக்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணியை அண்ணாந்து பார்த்தபடி மணலில் நின்றிருந்தாள். மெல்லிய காடாவுக்குள் புகுந்து வந்த வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக விழுந்தது.

“அண்ணி, பாக்காதீங்க!” என்று முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். அழுகை வந்துவிட்டது. “தப்பு அண்ணி, தப்பாயிடுச்சு, பாக்காதீங்க!”

அவள் அவனை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள்.

“மறைக்காத தம்பி. வராரு.”

அவன் திரும்பிப் பார்த்தான். துணியின் இந்தப் பக்கத்தில், தலையில் வலையோடு ஒருவன் மணல் ஏறி வந்துகொண்டிருந்தான். இடது காலை இழுத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி மாற்றிப்போட்டதைத் துணியின் முதுகு திரும்ப மாற்றிப்போட்டிருந்தது. இழுக்கும் காலை எடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்றான்.

“அந்த நிப்பு,” என்றாள் அடைக்கலமேரி. “ஒரு மூச்சு நிப்பாரே. நானே மறந்துட்டேன் தம்பி. அத்த எப்டி கண்டுகின?”

சிலுவைமுத்து வளர்ந்து வளர்ந்து, துணி நிறைய வந்து, இருண்டான். ‘முற்றும்’ என்ற எழுத்து இடம் வலம் மாறித் திரும்பி வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் மோசமில்லை.

“இன்னொரு தபா போடச் சொல்லு. நான் இங்கயே நிக்கறேன். அவரு போன பக்கம் இது.”

கம்பத்தைச் சுற்றிக் குப்பத்துப் பக்கம் வந்தான். முப்பிடாதி இன்னும் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் பாதி சிரித்தது, பாதி உச்சுக்கொட்டியது. சுப்புராயன் ஃபிலிமைத் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“இதுக்காப்பா பேஜாராவற? ரெண்டு ஓரத்துலயும் பல்லு மாட்டற ஓட்டை கீற ஃபிலிம் இது. திருப்பி மாட்டினா கால் மாறிப் பூடும். பாரு, ஊர் இன்னா சொல்லுதுன்னு.”

ஸ்டானிஸ்லாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். திருப்பி மாட்டினால் குப்பத்துக்குச் சரியாகிவிடும், கடல் பக்கம் தப்பாகிவிடும். முப்பிடாதி தலையாட்டுவார். பொம்மைக்காரன் அண்ணனை உயிரோடு கொண்டுவந்துவிட்டான் என்று எண்ணூர் முழுக்கப் பேசும். இரண்டு வருஷம் அவன் நொண்டியது அதற்கும்தான். மனம் துடித்தது, பொய் சொல்வானேன்.

“அப்டியே ஓட்டுங்க.”

“கால் தப்புங்கறாங்களேப்பா.”

“தப்புதான். அப்டியே ஓட்டுங்க.”

“உனக்கு மூளை கலங்கிப்போச்சாடா?” என்றார் முப்பிடாதி. “செத்தவன் கால மாத்திட்டு, அத்த ரெண்டாந்தபா வேற காட்டறியா?”

“ஆமா மாமு,” என்றான் ஸ்டானிஸ்லாஸ். இன்றைக்கும் நெட்டுக்குப்பத்தில் கேட்டால், பொம்மைக்காரன் கெட்டிக்காரன்தான், ஆனால் சொந்த அண்ணனுக்குக் கால் மாற்றிப் போட்டவன் என்பார்கள்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் கடல் பக்கம் போனான். மணல் குழியில் மெழுகுவர்த்தி எப்போதோ அணைந்திருந்தது. தீப்பெட்டியை எடுத்தான். அடைக்கலமேரி வேண்டாம் என்று கைகாட்டினாள். அவள் துணியைப் பார்த்தபடியே மணலில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். படம் முடியும்வரை அவன் கால் ஆடவில்லை.